உன் அண்ணனின் கற்களை வந்து எடுத்துக்கொண்டு போவது குறித்து

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை, நீதான் எழுதுவதே இல்லையே. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. கூரை ஒழுக்கும் அப்படியேதான் இருக்கிறது. உன் அண்ணன் ஒருவர்தான் இல்லை. மற்றபடி வீட்டில் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன என்று எழுத ஆசைதான். ஆனால் அதுவும் பொய்யாகிவிடும், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அண்ணன் போன பிறகு வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிய அன்று, நீ வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாய். "அண்ணி, அண்ணனோட கல்லையெல்லாம் பத்திரமா பாத்துக்குங்க." உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லப்போகிறாய் என்று நினைத்துத் தலையை ஆட்டத் தயாராக இருந்த நான், கல்லுக்கே ஆட்டிவிட்டேன். நீ பஸ் ஏறிவிட்டாய். ஆட்டிய தலை இப்போது அனுபவிக்கிறது.

நீ அரைக்கால் சட்டையோடு திரிந்த காலத்திலேயே நான் இந்த வீட்டுக்கு வந்துவிட்டேன், அதனால் கல் புராணம் உனக்குத் தெரியாதது அல்ல. இருந்தாலும் சொல்கிறேன். சுரங்கத் தொழில் கற்றுத்தந்த பள்ளியை மூடி, கட்டடத்தை மெத்தைக் கடைக்காரருக்கு விற்றார்களே, அப்போது பள்ளியின் பழைய கல் சேகரிப்பு முழுவதையும் தெருவோரம் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அதில் பாதி, உன் அண்ணனின் வாத்தியாருக்கு வாத்தியார் காலத்தில் சேர்த்தது. அங்கே ஆசிரியராக இருந்த உன் அண்ணன், தனக்கு வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், லாரி பிடித்துக் கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தார். "நல்ல இடமா பாத்துக் குடுக்குற வரைக்கும்தான்" என்றார். இருபது வருஷமாக நல்ல இடம் கிடைக்கவில்லை. முன்னறை முழுக்க இழுப்பறை அலமாரிகள். நடுவில் இருந்த சந்தில் நாங்கள் இருவரும் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்னால் நகர வேண்டும். எப்போதும் நான்தான் நகர்வேன். அந்த இருபது வருஷத்தில் அவர் என்னிடம் அதிகமாகச் சொன்ன வார்த்தை எதுவென்று கேட்டால், "தொடாத."

முதல் தப்பு பாசத்தால் நடந்தது. கடைசி இழுப்பறையில், பெட்டிக்குள் பெட்டிக்குள் பெட்டியாக, கறுப்புத் துணி சுற்றி ஒரு சிவப்புக் கல் இருந்தது. எப்போதாவது ஜன்னல் திரையெல்லாம் இழுத்து மூடிவிட்டு அதை எடுப்பார், பச்சைப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் ஒரு நிமிஷம் பார்ப்பார், மறுபடி சுற்றி வைத்துவிடுவார். அவர் போன பிறகு நான் அதைத் திறந்து பார்த்தேன். அப்படி ஒரு சிவப்பை எந்தத் துணிக்கடையிலும் நான் பார்த்ததில்லை தம்பி. இவ்வளவு அழகை இருட்டில் போட்டு அடைத்து வைத்திருந்தாரே மனுஷன் என்று எனக்குப் பொறுக்கவில்லை. எடுத்துச் சமையலறை ஜன்னல் விளிம்பில் நல்ல வெயிலில் வைத்தேன். காலையில் தேநீர் குடிக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு ஆள் இருப்பதுபோல் இருந்தது. சில நாளில் அதன் மினுமினுப்பு போனது. பிறகு நிறம் மங்கி, மேலே மஞ்சளாகப் பொருக்குத் தட்டியது. ஒரு நாள் விரலால் தொட்டேன், பொலபொலவென்று மஞ்சள் தூளாக உட்கார்ந்துவிட்டது. ஈரத் துணியால் தூளைத் துடைத்தேன், அதே துணியால் சாப்பாட்டு மேசையையும் துடைத்தேன், பிறகு உட்கார்ந்து அழுதேன். அதுவரை அழாததையெல்லாம் சேர்த்து அன்றைக்கே அழுதுவிட்டேன் என்று வைத்துக்கொள்.

இரண்டாவது தப்பு சுத்தத்தால் நடந்தது. என் அக்கா எழுதியிருந்தாள். "தனியா எதுக்குடி அங்க கெடந்து மருகற, இங்க வந்துடு, உனக்குன்னு ஒரு ரூம் ஒதுக்கி வெச்சிருக்கேன்." அந்த அறையை எனக்குத் தெரியும். ஒரு கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். கல்லோடு போக முடியாது. அதனால் அருங்காட்சியகத்துக்குப் போன் செய்தேன், காப்பாளர் வந்து பார்ப்பார் என்றார்கள். வருகிறவர் பார்த்ததும் முகம் சுளிக்கக் கூடாதே என்று கல்லையெல்லாம் கழுவ ஆரம்பித்தேன். ஒவ்வொரு கல்லுக்கும் கீழே உன் அண்ணனும் அவருக்கு முந்தியவர்களும் எழுதிய சின்னச் சீட்டு ஒன்று உண்டு: என்ன கல், எங்கே கிடைத்தது, எந்த வருஷம். சீட்டு நனையக் கூடாது என்று எல்லாவற்றையும் எடுத்து ஒரு தட்டில் அடுக்கினேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். தொட்டியில் வெந்நீர் விட்டு, சோப்புத்தூள் போட்டு, கல்லை ஊறவைத்துவிட்டு, வியர்க்கிறதே என்று மின்விசிறியைப் போட்டேன். தட்டிலிருந்த சீட்டுகள் அத்தனையும் எழுந்து பறந்தன. அடுப்புக்கடியில், கட்டிலுக்கடியில், ஒழுகும் நீருக்கு வைத்திருந்த வாளிக்குள் எல்லாம் பொறுக்கி, எது எதனுடையதோ என்று குத்துமதிப்பாகத் திருப்பி வைத்தேன். பச்சைக் கல்லுக்குப் பச்சை மையில் எழுதியது, பெரிய கல்லுக்குப் பெரிய எழுத்து. வேறு என்ன செய்ய?

அதோடு விட்டதா? கழுவிய கற்களை எண்ணினால் ஒன்று குறைகிறது. உள்ளங்கை அளவு, கண்ணாடிபோல் சதுரமான கல். தொட்டியில் போட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. வடிகுழாய் வழியாகப் போயிருக்குமோ என்று பிளம்பரை வரவழைத்தேன். அந்த ஆள் தொட்டிக்குக் கீழே படுத்துக் குழாயைக் கழற்றினான், சுவரோரக் குழாயைக் கழற்றினான், கீழே முற்றத்துக் குழாயையும் கழற்றினான். ஒரு கரண்டி கிடைத்தது, அதுவும் நம்முடையதல்ல.

"என்ன கல்லும்மா அது? பேரென்ன?"

"ஹேலைட்டுன்னு எழுதியிருந்துதுப்பா. என் வீட்டுக்காரர் கையெழுத்து."

"விலை ஒசந்த கல்லா?"

"தெரியலையே. ஆனா தொட விடமாட்டார்."

அவன் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு இன்னொரு தடவை குழாயைக் கழற்றினான். ஹேலைட் என்றால் உப்பு என்று பிறகுதான் தெரிந்தது. மண்ணுக்கடியில் எத்தனையோ காலம் கரையாமல் இருந்த உப்பை நான் ஒரு தொட்டி வெந்நீரில் கரைத்துச் சாக்கடையில் விட்டிருக்கிறேன். அதைத் தேட ஆளும் வைத்திருக்கிறேன்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. உனக்குத்தான் தெரியுமே, இந்த மாடியில் மழை வந்தால் வெளியே எவ்வளவு பெய்கிறதோ அதில் பாதி உள்ளேயும் பெய்யும். ஒரு வாரம் போனதும் முன்னறையில் ஒரு நாற்றம். தீக்குச்சி கொளுத்தினாற்போல, முட்டை கெட்டாற்போல. நான் கவலைப்படவில்லை, வயதானால் எல்லாமே நாற்றமாகத்தான் தெரியும் என்று இருந்துவிட்டேன். ஆனால் கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற பல் டாக்டர் இருக்கிறாரே, அவர் மூக்குக்கு அது எட்டிவிட்டது. மேலே ஓடிவந்தார். "கேஸ் கசியுது! யாரும் சுவிட்ச தொடாதீங்க!" பல் டாக்டர் பல்லைப் பற்றிச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், மூக்கு சமாச்சாரத்தில் அவருக்கு என்ன அதிகாரம் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. கட்டடம் முழுக்க எல்லோரையும் மழையில் நிறுத்தினார்கள். கேஸ் இணைப்பைத் துண்டித்தார்கள். பெரிய தொப்பிக்காரர் ஒருவர் முன்னறையில் மோப்பம் பிடித்துக்கொண்டே வந்து, ஒரு இழுப்பறையை இழுத்தார். கைப்பிடி மட்டும் அவர் கையோடு வந்தது. இழுப்பறையின் அடிப்பலகை கரைந்துபோய், உள்ளே இருந்தது கீழ் இழுப்பறையில் விழுந்து கிடந்தது. தங்கம் மாதிரி மின்னுமே, பைரைட் என்று உன் அண்ணன் சொல்வார், அந்தக் கற்கள். மின்னலெல்லாம் போய்ச் சாம்பல் நிறத் தூளாகி, ஈரத்தில் அமிலம் கசிந்து, சீட்டைத் தின்று, பெட்டியைத் தின்று, பலகையையும் தின்றிருக்கிறது. தொப்பிக்காரர் என்னைப் பார்த்து, "இது என்னம்மா?" என்றார். "என் வீட்டுக்காரரோடது" என்றேன். ரெண்டு நாள் யார் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. படிக்கட்டில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த லட்சணத்தில் காப்பாளர் வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர், கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் இன்னொன்று. குடையை வெளியே வைத்துவிட்டு வந்தார், ஈரம் உள்ளே வரக் கூடாதாம். தலைக்கு மேலே கூரை சொட்டியதை மரியாதைக்காகப் பார்க்காததுபோல் இருந்தார். பைரைட் இழுப்பறையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத சரி பண்ண முடியுமாங்க?" என்று கேட்டேன்.

"சரி பண்ண முடியாதும்மா. மத்ததுக்குப் பரவாம பாத்துக்கலாம். அவ்வளவுதான்."

தம்பி, ஆஸ்பத்திரியில் உன் அண்ணன் அறைக்கு வெளியே நின்று நான் கேட்டதும் இதே பதில்தான். அந்த டாக்டரும் இப்படித்தான் கண்ணாடியைத் துடைத்தார். நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டேன்.

காப்பாளர் கெட்டவர் இல்லை. ஒவ்வொன்றாகச் சொன்னார். ஜன்னலில் வைத்தது மனோசிலை, வெளிச்சம் பட்டால் உதிர்ந்துவிடும், அந்தத் தூள் விஷம். "கைய கழுவினீங்களா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் எவ்வளவு நாளாக அந்த மேசையில் சாப்பிடுகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை, நீயும் யாரிடமும் சொல்லாதே.

"விஷம்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவரு?"

"சொல்லியிருந்தா வீட்டுல வெக்க விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டேன். அது உன் அண்ணனுக்கும் தெரிந்திருக்கிறது. உன் அண்ணனோடு போனில் பழக்கமாம், பிறகு இன்னொன்று சொன்னார். "மழை ஆரம்பிச்சா போதும், சார் போன் வந்துரும். பைரைட்ட என்ன பண்ணலாம், துணி மாத்தலாமா, டப்பா மாத்தலாமான்னு கேப்பாரு. மழை முடியற வரைக்கும் ஊருக்கே போறதில்லைன்னு சொல்லுவாரு." எனக்கு அப்போதுதான் விளங்கியது. அக்கா மகள் கல்யாணத்துக்கு, "மழையில யாரு வருவா, நீ போயிட்டு வா" என்று சொல்லி என்னைத் தனியாக அனுப்பினாரே, நான் அங்கே போய் உன் அண்ணனுக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி நின்றேனே. அக்காவைப் பிடிக்காமல்தான் வரவில்லை என்று இத்தனை நாளாக மனதில் வைத்துக் கருவிக்கொண்டிருந்தேன். அக்காவைப் பிடிக்காமல் இல்லை. பைரைட்டைப் பிடித்திருக்கிறது. இது தெரிந்ததால் ஆறுதலா, கூடுதல் வருத்தமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இதில் கூத்து என்னவென்றால், ஒரு கல்லுக்கு ஆவது இன்னொரு கல்லுக்கு ஆகாது. பைரைட்டுக்கு ஈரம் ஆகாது. நீலமாக இருக்கிறதே மயில்துத்தம், நல்லவேளை அதைத் தொட்டியில் போடவில்லை, அது ரொம்பக் காய்ந்தால் வெளுத்து உதிர்ந்துவிடும். வெள்ளிக்குப் பக்கத்து இழுப்பறையின் கந்தகக் காற்று பட்டாலே முகம் கறுத்துவிடும். பால்நிறக் கல் ஒன்று, சூட்டைக் கண்டால் விரிசல் விட்டுக்கொள்ளும். இது கல் சேகரிப்பு இல்லை தம்பி, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத சொந்தக்காரர்களை ஒரே வீட்டில் குடிவைத்த கதை. உன் அண்ணன் அத்தனை பேருக்கும் தனித்தனியாக நல்லவராக இருந்திருக்கிறார். அந்தச் சாமர்த்தியத்தில் ஒரு துளியை என் பக்கம் திருப்பியிருக்கலாம்.

கடைசியில் காப்பாளர் சீட்டுகளைப் பார்த்தார். ஒரு கூழாங்கல்லுக்குக் கீழே, "வெள்ளி, மூன்றாம் சுரங்கம்" என்று இருந்தது. நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் இருந்ததற்கு மேலேயே போட்டுக்கொண்டார். நான் மின்விசிறிக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒவ்வொரு கல்லாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு, கல்லின் மேலேயே எண் எழுதியிருந்த சிலவற்றை மட்டும் பொறுக்கி மேசைமேல் வைத்தார்.

"இவ்வளவுதாம்மா எடுத்துக்க முடியும். எங்க கல்லு இது, எந்த சுரங்கம்னு தெரியலைன்னா அது வெறும் கல்லுதான். உண்மைய சொல்லணும்னா, எடுத்துட்டுப் போனாலும் எங்க கிடங்குல பெட்டிக்குள்ளதான் கெடக்கும். அங்கயும் தண்ணி நிக்குது."

"மீதி?"

"மீதி அவ்வளவு தரமில்லை. தோட்டம் இருந்தா ஓரமா போட்டு வைங்க, பாக்க நல்லா இருக்கும்."

தம்பி, இந்தக் கல்லைக் குப்பை என்று நான் சொன்னதை எண்ணினால் எண்ணி முடியாது. உன் அண்ணன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். ஆனால் மூன்றாம் மனிதர் ஒருவர் நம் வீட்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்து, நம் வீட்டுத் தேநீரைக் குடித்துக்கொண்டு, தரமில்லை என்று சொன்னதும் எனக்கு என்ன ஆனதோ தெரியாது. சீட்டைக் கலைத்துத் தரத்தைக் கெடுத்தது நான்தான் என்பதும் கூடவே குத்தியது. "எடுத்து வெச்சதையும் கீழ வைங்க" என்றேன். "அம்மா, நான் சொல்றத—" என்றார். "கீழ வைங்க. குடை வெளிய இருக்கு." பாவம், பாதித் தேநீரோடு எழுந்து போனார். கதவைச் சாத்தினேன். ஒன்றும் இல்லாமல் போவதற்குக் கொஞ்சமாவது போகவிட்டிருக்கலாமே என்று உடனே தோன்றியது. ஆனால் படியிறங்கி ஓடவா முடியும் என்னால், அந்த முழங்காலோடு?

அதுமுதல் படுகிற பாட்டைக் கேள். புதுச் செருப்புப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சச் சின்னச் சின்னப் பொட்டலம் போட்டிருப்பார்களே, அது வேண்டும் என்று காப்பாளர் சொல்லியிருந்தார். கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடை விடாமல் ஏறி இறங்குகிறேன். "செருப்பு வேணாம்ப்பா, அதுக்குள்ள இருக்குற பொட்டலம் மட்டும் குடு" என்றால் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். ஒரு கடையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, வீட்டில் யார் இருக்கிறார்கள், போன் நம்பர் ஞாபகம் இருக்கிறதா என்று அன்பாக விசாரித்தார்கள். மீந்த பைரைட்டைக் கண்ணாடி டப்பாவில் அடைத்துப் பொட்டலம் போட்டு வைத்திருக்கிறேன். மயில்துத்தத்தை அதற்கு எட்டாத தூரத்தில் வைத்திருக்கிறேன். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி தைத்துப் போட்டாயிற்று. பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு, இருட்டறையில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். ஒரு மனுஷி வாழும் வாழ்க்கையா இது?

ஆகவே இதைக் கட்டளையாகவே எடுத்துக்கொள். இந்த மாசத்துக்குள் ஒரு வண்டியோடு வா. அலமாரியோடு, டப்பாவோடு, ஒன்று விடாமல் ஏற்றிக்கொண்டு போ. நீ வைத்துக்கொள்வாயோ, யாருக்குக் கொடுப்பாயோ, ஆற்றில்தான் போடுவாயோ, என்னிடம் சொல்லாதே. நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன். துணியெல்லாம் பெட்டியில் அடுக்கிவிட்டேன். வீட்டைக் காலி செய்வதாக வீட்டுச் சொந்தக்காரரிடமும் சொல்லிவிட்டேன், அவர் முகத்தில் நான் இவ்வளவு சந்தோஷத்தை இதுவரை பார்த்ததில்லை. இதில் மாற்றமே இல்லை.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும், கல்லைப் பொறுக்காமல் இருக்கட்டும். எல்லோரும் நீண்ட நாள் நோய்நொடி இல்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
உன் அண்ணி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கீழ்வீட்டுப் பல் டாக்டர் கதவைத் தட்டினார். மறுபடி நாற்றமோ என்று பயந்துபோனேன். அவர் உள்ளே வந்து நின்றுகொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மருந்துப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே மிளகு அளவில், பழுப்பாக, முள்முள்ளாக ஒன்று.

"தப்பா நினைக்கக் கூடாது. இது எனக்குக் கிட்னியில இருந்து எடுத்த கல்லு. ரொம்பப் பாடுபடுத்திச்சு. எம் பொண்ணு, அசிங்கம், தூக்கிப் போடுங்கப்பாங்கறா. எனக்கு மனசு வரல. உங்ககிட்ட ஒரு ஓரமா இடம் இருக்குமா?"

இது என்ன அநாதை ஆசிரமமா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வாய் வேறு எதையோ கேட்டது. "ஈரம் ஆகுமா டாக்டர் இதுக்கு? வெளிச்சம் ஆகுமா?"

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்? உள்ள இருந்த வரைக்கும் இருட்டுதான், ஈரம்தான்."

காப்பாளருக்குப் போன் செய்தேன். யார் பேசுவது என்று சொன்னேன். விஷயத்தையும் சொன்னேன். பிறகு, "அதுவும் கனிம வகைதாம்மா, காத்துப் படாம மூடியே வைங்க" என்றார். அடுத்த வாரம் வந்து சீட்டுகளை எனக்கு உதவியாகப் பிரித்துத் தருவதாகவும் சொன்னார்.

வண்டி வேண்டாம். அக்காவுக்கும் இப்போதைக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். வீட்டுச் சொந்தக்காரர் முகம் பழையபடி ஆகிவிட்டது. ஏன் என்று கேட்டு நீ எழுதாதே, கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. வருவதானால் வெறும் கையோடு வா.

டாக்டரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துவிட்டு, அவர் கல்லுக்கு ஒரு புதுச் சீட்டு எழுதினேன். பெயர் எழுதினேன், வருஷம் எழுதினேன். கிடைத்த இடம் என்கிற வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. என்ன எழுதட்டும் என்று அவரையே கேட்டேன். அவர் விலாவில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு, "இடது பக்கம்னு போட்டுக்குங்க" என்றார்.

போட்டேன்.